காவடிச் செடிலும் பிளந்த நாவும்

ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளில் வாழும் எம்மவர் பலர் ஊர் திரும்புவது வழக்கம். அவ்வாறு வந்தோருள் எமது பழைய மாணவர் ஒருவரும் இருந்தார். ரொறன்ரோ நகரில் மின்சார வேலை பார்ப்பவர். மாதந் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புபவர். தந்தையாரின் கண் சத்திரசிகிச்சைச் செலவையும் தங்கையின் படிப்புச் செலவையும் தாமே ஏற்றவர். இத்தகைய பிள்ளை வீடு வந்தால் பெற்றோர் மகிழ்வதே இயல்பு. ஆனால் அவர் வந்த மூன்றாம் நாள் தந்தையார் எம் இல்லத்துக்கு வந்து, உள்ளே வரவும் மனமின்றிப் படலையடியிலே நின்று கண் கலங்கினார்.

“மாஸ்ரர், நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். வாற வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பார்க்க வருகினம். அன்றைக்கு மட்டும் அவன் கொழும்பிலே போய் நிற்கட்டும். அந்தக் கோலத்தோடை அவனை ஆருக்குக் காட்டுறது?”

அவர் குறிப்பிட்ட கோலம் யாதென ஊர் முழுவதும் அறிந்திருந்தது. அப்பிள்ளையின் காதுச் சோணைகள் இரண்டும் ஒரு விரல் நுழையுமளவு விரிக்கப்பட்டிருந்தன. நாவின் நுனி இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. இடக்கைப் புறத்தோலின் கீழே பயற்றளவான மணிகள் ஐந்து வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவர் அறியாமலே எவரோ எடுத்த படம் கைத்தொலைபேசிகளில் வீடு வீடாகச் சென்றது. ‘போதைப் பழக்கம்’ என்றார் ஒருவர். ‘பேய் பிடித்துவிட்டது’ என்றார் மற்றொருவர். ‘செய்வினை’ என்று கூறி நூல் கட்டுமாறு தாயாருக்கு ஆலோசனை வழங்கியோரும் உளர். அவரிடமே நேரிற் சென்று, ‘தம்பி, ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று வினவியவர் ஒருவரேனும் இலர்.

நாமும் புத்தி சொல்லும் எண்ணத்துடனேயே புறப்பட்டோம். அன்று தேர்த் திருவிழா. வழியிலே தூக்குக் காவடியொன்று எதிர்ப்பட்டது. உழவு இயந்திரத்திற் பூட்டிய நீண்ட மரத்திலே, முதுகிலும் கால்களிலும் கொளுக்கிகள் ஏற்றப்பெற்ற இளைஞர் ஒருவர் பறவையைப் போலத் தொங்கிக்கொண்டு சென்றார். கன்னங்களை ஊடுருவி வேல் அலகு. தவிலும் நாதசுரமும் முழங்க, வீதியின் இருமருங்கிலும் நின்றோர் ‘அரோகரா’ என்று கைகூப்பினர். தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினர். நாமும் கைகூப்பினோம்.

பத்து நிமிட நேரத்தில் மாணவர் வீட்டை அடைந்தோம். அவர் எழுந்து, கதிரை எடுத்துப் போட்டு, தாமே தேநீர் கொணர்ந்து தந்தார். பேச்சிலே சிறு குழறலும் இல்லை. நாம் பேச்சைத் தொடங்க வழி தேடுகையில் அவரே தொடங்கினார்.

“சேர், அப்பா உங்களை ஏன் அனுப்பினவர் எண்டு தெரியும். இப்ப றோட்டாலே போன காவடியைக் கும்பிட்டுவிட்டுத்தானே வாறீங்கள்? அந்த அண்ணைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லுங்கோ. நான் கொழும்புக்குப் போறன்.”

நாம் உடனே விடை கூற இயலாது இருந்தோம். அப்போது அவர் மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னார்: “பத்தாம் வகுப்பிலே நாங்கள் ஒரு படம் காட்டினபோது நீங்கள் சொன்னது ஞாபகமிருக்கோ, சேர்?”

ஞாபகம் இருந்தது. மேனி முழுதும் பச்சை குத்தி, நெற்றியிற் கொம்பு பதித்த மேல்நாட்டார் ஒருவரின் படத்தை மாணவர் கொணர்ந்தபோது, ‘மனிதன் மீண்டும் மிருகமாகிறான்’ என்று நாம் பரிகாசம் செய்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிக்காத பிள்ளை ஒன்றும் அங்கே இருந்தது என்பதை அறியப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

விடை தேடும் பொருட்டு அவ்வாரம் முழுவதும் நூல்களைப் புரட்டினோம். கண்டவற்றுட் சிலவற்றை நேயர்களுக்கும் உரைப்பது பயனுடைத்தாகும்.

உடலைக் குத்தியும் கீறியும் விரித்தும் மாற்றுவதை ஒரு வாழ்க்கை நெறியாகவே கொண்ட கூட்டத்தார் மேல்நாடுகளில் உளர். அவர்களுள் முன்னோடியாக மதிக்கப்படுபவர் அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்திலே 1930ஆம் ஆண்டிற் பிறந்த ரோலண்ட் லூமிஸ் என்பவர். ‘பக்கீர் முசாபர்’ என்னும் பெயரைத் தாமே சூடிக்கொண்டவர். விளம்பரத் தொழிலில் மதிப்புடன் வாழ்ந்த அவர், தம் உடற் பரிசோதனைகளை நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தார். 1977ஆம் ஆண்டில், ரீனோ நகரில் நடைபெற்ற பச்சை குத்துவோர் மாநாட்டிலேயே அவர் முதன்முதலாக வெளிப்பட்டார். இத்தகையோரைக் குறிக்க ‘நவீன ஆதிவாசிகள்’ என்ற தொடரை ஆக்கியவரும் அவரே. அத்தொடரைத் தலைப்பாகக் கொண்டு 1989ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்த நூலே இக்கூட்டத்தாரை உலகறியச் செய்தது. 2018ஆம் ஆண்டில் தமது 87ஆம் வயதில் அவர் காலமானார்.

இவருக்கும் நமக்கும் யாது தொடர்பு என நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. சிறுவராயிருந்தபோது பழைய ‘நஷனல் ஜியோகிராபிக்’ சஞ்சிகைகளிற் கண்ட கீழ்நாட்டுச் சடங்குகளின் படங்களே அவர் மனத்தை ஈர்த்தன. பின்னாளில் அவர் மார்பிலும் முதுகிலும் வேற்கம்பிகள் தைக்குமாறு ஒரு சட்டம் அமைத்து, காவடி என்னும் பெயராலேயே அதனைத் தாங்கி ஆடினார். தமிழன் முருகன் சந்நிதியில் எடுத்த காவடி, கலிபோர்னியாவில் கோயிலும் தெய்வமும் இன்றி ஆடப்பட்டது. மாணவர் எம்மிடம் வினவிய வினாவின் ஒரு நுனி நம் வீதியிலேயே கட்டப்பட்டிருக்கின்றது என்பது இதனாற் புலனாகும்.

அவர் கையாண்ட மற்றொரு சடங்கு, வட அமெரிக்கப் பூர்வீகக் குடிகளின் ‘சூரிய நடனம்’. லக்கோட்டா முதலிய குடியினர் மார்புத் தோலிலே முளைகளைச் செருகி, அவற்றைக் கயிற்றால் மரத்தோடு பிணைத்து, தோல் அறும்வரை ஆடி நேர்த்தி செலுத்துவர். இதனைக் காட்டுமிராண்டித்தனம் எனக் கொண்ட அமெரிக்க அரசு 1883ஆம் ஆண்டில் தடை விதித்தது. கனடாவும் 1895ஆம் ஆண்டில், உடலைக் காயப்படுத்தும் சடங்குகளைக் குற்றமாக்கிற்று. அத்தடை 1951ஆம் ஆண்டிலேயே நீங்கியது. பூர்வீகக் குடிகளின் சமய உரிமையைக் காக்கும் சட்டத்தை அமெரிக்கா 1978ஆம் ஆண்டிலேதான் இயற்றியது. அச்சட்டம் பிறந்து சில ஆண்டுகளிலே பக்கீர் முசாபரும் நண்பர் ஒருவரும் அந்நடனத்தைத் தாமே ஆடினர். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஆவணப் படமொன்றில் அது இடம் பெற்றது. உரியவன் செய்தபோது குற்றமாக இருந்தது, வெள்ளையர் செய்தபோது புதுமையான கலையாயிற்று. தம் சடங்குகளைப் பிறர் எடுத்தாள்வதை எதிர்த்து லக்கோட்டாக் குடியினர் 1993ஆம் ஆண்டிலே கடுமையான பிரகடனம் ஒன்றை வெளியிட்டதில் வியப்பில்லை.

இதே அளவுகோலால் நாமும் அளக்கப்பட்டோம். செடில் மரத்திற் கொளுக்கி ஏற்றிச் சுற்றும் நேர்த்தியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிரிமாரும் அதிகாரிகளும் அநாகரிகத்தின் அடையாளமாகக் காட்டினர். அந்நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாண அரசினர் அதனை அடக்கவும் முற்பட்டனர். ஆங்கிலம் கற்ற எம்மவருள்ளும் அதற்காக நாணியோர் பலர். எனினும் செடில் ஒழியவில்லை. எங்கோ இருந்து வந்து, ஒரு கணம் பார்த்து, படமெழுதிக்கொண்டு போனவர்கள், தொங்கியவனின் நேர்த்தியையும் விரதத்தையும் கேட்டறியவில்லை. கைத்தொலைபேசியில் எம் மாணவரின் படத்தைக் கண்டு நகைத்தோரும் அதனையே செய்தனர். வகுப்பறையில் நாம் செய்ததும் அதுவே.

இனி, இவ்விருவருக்கும் வேற்றுமையே இல்லையோ எனின், உண்டு. காவடி எடுப்பவன் விரதம் இருக்கின்றான், குறித்த நாளிலே குறித்த தெய்வத்துக்கு நேர்த்தி செலுத்துகின்றான், கொளுக்கி ஏற்றுபவர் அத்தொழிலிற் பழகியவர், உறவினர் புடைசூழ்கின்றனர். சில நாள்களிற் காயம் ஆறிவிட, அவன் மீண்டும் பழைய மனிதனாகின்றான். பிளந்த நா அவ்வாறு எளிதிற் கூடுவதில்லை. இவை சிறிய வேற்றுமைகள் அல்ல. ஆயினும் ஒருவனது வேதனையைப் புனிதமாக்குவதில் அவனைச் சூழ்ந்து நிற்கும் ஊருக்கும் பெரும் பங்குண்டு. எம் மாணவரைச் சூழ ஊர் இல்லை. பனி மூடிய நகரிலே, தகரப் பெட்டி போன்ற அறையிலே தனியே வாழ்ந்த முதல் நான்கு ஆண்டுகளில், ‘இந்த உடம்பு ஒன்றுதான் எனக்குச் சொந்தமாயிருந்தது’ என்று அவர் எம்மிடம் கூறினார்.

இவ்வெண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோ நாட்டில் மரியா ஹோசே கிறிஸ்தெர்னா என்றொரு பெண்மணி உளர். சட்டம் கற்றவர், நான்கு பிள்ளைகளின் தாய். மேனியெங்கும் பச்சை குத்தி, நெற்றித் தோலின் கீழே கொம்புகள் பதித்து, பற்களையும் கூராக்கிக்கொண்ட அவர் கின்னஸ் சாதனைப் பதிவிலும் இடம் பெற்றவர். மணவாழ்விலே தாம் அனுபவித்த கொடுமைக்கு எதிராகத் தம் உடலைத் தாமே மீட்டெடுத்த செயல் இது என்பது அவரது கூற்று. அவர் முகத்தைக் கண்டு அஞ்சுவோர், அவர் அஞ்சி வாழ்ந்த வீட்டைக் கண்டதில்லை.

இவ்வாறு கூறுவதனால் இவையனைத்தும் நன்றே என்று நாம் வாதிப்பதாக இளைஞர் எவரும் கொள்ளலாகாது. ஆபத்து மெய்யானது. நாவிலே இரத்தக் குழாய்கள் செறிந்துள்ளன. பழகாத கை தவறினால் குருதி நிற்பது அரிது. தூய்மை செய்யாத ஊசி ஈரலைத் தாக்கும் நோய்க்கிருமிகளை ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குக் கடத்தும். கண்ணின் வெண்பகுதிக்குள் மை செலுத்தும் வழக்கமொன்று அண்மைக் காலத்திலே பரவிற்று. கனடாவில் 2017ஆம் ஆண்டில் இதனைச் செய்துகொண்ட இளம் பெண் ஒருவர் அக்கண்ணின் பார்வையிற் பெரும் பகுதியை இழந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஒன்ராறியோ மாகாணச் சட்டசபை அவ்வழக்கத்தைத் தடை செய்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலமும் 2018ஆம் ஆண்டில் பத்தாயிரம் டொலர் வரை தண்டம் விதிக்கும் சட்டத்தை இயற்றிற்று.

இங்கிலாந்தில் நடைபெற்ற வழக்கொன்றும் அறியத்தக்கது. வுல்வர்ஹாம்ப்டன் நகரிலே பச்சை குத்தும் கடை நடத்திய ஒருவர், வைத்தியக் கல்வி எதுவுமின்றி, வாடிக்கையாளர் ஒருவரின் காதை அகற்றினார்; மற்றொருவரின் முலைக்காம்பை அகற்றினார்; இன்னொருவரின் நாவைப் பிளந்தார். மூவரும் உடன்பட்டே செய்துகொண்டனர். ஆயினும் இத்துணைப் பாரிய காயத்துக்கு உடன்பாடு எதிர்வாதமாகாது என 2018ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காது குத்துதலும் பச்சை குத்துதலும் சட்டத்துக்கு உட்பட்டவை. சத்திரசிகிச்சைக்கு நிகரான இவை அவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை அல்ல என்பது நீதிபதிகளின் கருத்து. மறு ஆண்டில் அவர் மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் சிறைத் தண்டனை பெற்றார். அவருக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் மனுவிற் கையெழுத்திட்டிருந்தனர். தன் உடலின் மீது தனக்குள்ள உரிமை எங்கே முடிகின்றது என்னும் வினா எளிதில் தீர்வதன்று என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

மறுபுறத்தே, சமூகம் ஒப்பிய காரணத்தால் ஒரு செயல் நன்றாகிவிடுவதுமில்லை. சீனாவிலே பல நூற்றாண்டுகளாகச் சிறுமியரின் பாதங்களை இறுகக் கட்டி எலும்பை மடித்துக் குறுக்கினர். கட்டியவர் தாய்மார், கட்டப்பட்டோர் ஐந்தாறு வயதுக் குழந்தைகள். நெடுங்காலம் பெரும்பாலோர் அதனை அநாகரிகம் என்னவில்லை. கட்டாத பெண்ணுக்கே மணமகன் கிடைப்பது அரிதாயிருந்தது. 1912ஆம் ஆண்டில் புதிய குடியரசு தடை விதித்தபின்பும் அவ்வழக்கம் முற்றாக ஒழியச் சில பதிற்றாண்டுகள் சென்றன. நம் வீடுகளை நோக்குவோம். திருமணப் பேச்சு எழுந்தவுடனே பெண் பிள்ளையின் நிறத்தை மாற்றுவதற்குக் களிம்பு வாங்குவோர் எத்தனை பேர்! அக்களிம்புகளுட் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் கலந்துள்ளமை வைத்திய உலகு அறிந்த உண்மை. இதுவும் உடலை மாற்றுதலே. ஆனால் இதனைக் கண்டு எவரும் படமெடுத்து நகைப்பதில்லை.

ஆகவே, கண்ணுக்கு விகாரமாகத் தோன்றுகின்றதா என்பது உரிய அளவுகோல் அன்று. மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். தீர்மானித்தவர் யார், பருவமெய்தி, அறிந்து, தாமே தீர்மானித்தாரா, அல்லது பிறர் கட்டாயத்துக்கு உட்பட்டாரா? நாளை மனம் மாறின் மீள வழியுண்டா? செய்பவரின் கை அறிந்த கையா, கருவி தூய்மையானதா? இம்மூன்றையும் காவடிச் செடிலுக்கும் பொருத்தலாம்; நாப் பிளத்தலுக்கும் பொருத்தலாம்; மணப்பெண்ணின் களிம்புக்கும் பொருத்தலாம். மூன்றையும் வினவியபின் ‘இது தவறு’ என்று கூற எவருக்கும் உரிமையுண்டு. வினவாமல் நகைப்பதற்கு எமக்கு உரிமை இல்லை. பதினாறு வயது மாணவன் ஒருவன் நாளை வந்து நாவைப் பிளக்கப் போவதாகக் கூறின், வேண்டாம் என்றே நாம் தடுப்போம். அவ்வாறு தடுக்கும்போது அவனை மிருகம் என்று கூறோம்.

இவற்றையெல்லாம் எம் மாணவரிடம் சொன்னோம். முதலிலே வகுப்பறையிற் கூறிய சொல்லுக்காக வருத்தம் தெரிவித்தோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, “நாக்கைப் பிளந்தது எனக்கு இருபத்திரண்டு வயதிலே, சேர். இப்ப எண்டால் செய்வனோ தெரியாது. ஆனால் செய்தவன் நான்தான், அதை ஒளிக்க மாட்டன்” என்றார். மூன்று வினாக்களுக்கும் அவர் ஒளிவின்றி விடை கூறியதாகவே நாம் கொண்டோம்.

பின்னர் தந்தையாரை முற்றத்துக்கு அழைத்துச் சென்றோம். மண்டபச் சுவரிலே தொங்கிய பழைய படமொன்றை நினைவூட்டினோம். அவருடைய அப்பாச்சியின் படம் அது. பாரமான தோடுகள் அணிந்து நீண்ட காதுச் சோணைகள் தாடையைக் கடந்து தொங்கின. “அந்தக் காதைக் கண்டு எந்த மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனவை?” என்று கேட்டோம். “அது அந்தக் காலம், மாஸ்ரர்” என்றார். “பணம் வரும்போது மகன் வீட்டுக்காரன், சபை வரும்போது அவன் வீட்டுக்காரன் இல்லையோ?” என்றும் கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஆயினும் கொழும்புப் பேச்சு அத்துடன் நின்றது.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தனர். பலகாரத் தட்டை ஏந்தி வந்தவர் எம் மாணவரே. சபையில் ஒரு கணம் பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் தாயார், வயது முதிர்ந்த அம்மையார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை உற்று நோக்கிப் பின்வருமாறு வினவினார்:

“தம்பி, இப்படி வெட்டினால் சாப்பிடேக்கை நோகாதோ?”

“முதல் இரண்டு கிழமை நொந்தது, அம்மா. இப்ப ஒண்டும் இல்லை.”

“அப்ப சரி. இந்த முறுக்கைக் கடிச்சுப் பார். எனக்குப் பல்லு விடுகுதில்லை.”

எல்லோரும் சிரித்தனர், அச்சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார். சம்பந்தம் நிறைவேறுமா என்பது சாதகத்தையும் சீதனப் பேச்சையும் பொறுத்தது. அதனை நாம் அறியோம். பட்டம் பெற்று இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நாம் கேட்க மறந்த வினாவை, அவ்வம்மையார் முதற் சந்திப்பிலேயே கேட்டார்.